எனக்கென்று ஓர் எலி

ஒரு செத்த எலிக்காக என் கூடப்பிறந்தவளோடு மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். எலியைப் பிடித்தது என் பூனை. கொண்டுபோய் வைத்தது அவள் காலடியில். இவ்வளவுதான் விஷயம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று இதுவரை வெளியில் சொன்னதில்லை. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கு வயிறு எரிந்தது எரிந்ததுதான்.

நான் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். முன் அறையில் மிஷின், துணி வெட்டுகிற மேஜை, ஒரு பழைய இரும்பு பீரோ. பின்னால் சமையல்கட்டும் படுக்கிற அறையும். என் வீட்டுக்காரர் அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். நாலு நாளைக்கு ஒருமுறை வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், திரும்பப் போய்விடுவார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று. பகலெல்லாம் நானும் மிஷினும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் பூனை வந்தது. ஐப்பசி மழையில் மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்த உள்ளங்கை அளவுக் குட்டி. சாம்பல் நிறம், கறுப்பு வரி, பெட்டை. பால் ஊற்றினேன், இருந்துவிட்டது. வளர்ந்த பிறகு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குட்டி போடாமல் ஆபரேஷனும் செய்துகொண்டு வந்தேன். காலையில் பால், மத்தியானம் கருவாட்டுத் தலை போட்டுப் பிசைந்த சோறு, சாயந்திரம் அவித்த முட்டையில் பாதி. வெட்டி விழுந்த துணியை அடைத்து அதற்கு ஒரு மெத்தை தைத்தேன். மிச்சமான பட்டுத் துணியில் உறை போட்டேன். அதில் அது படுத்துத் தூங்கும்போது பார்த்தால் இந்த ஊரிலேயே அவ்வளவு நிம்மதியாக இன்னொரு உயிர் தூங்காது என்று தோன்றும்.

"எங்கம்மாவுக்குக்கூட நீ இப்புடி முட்டை அவிச்சுக் குடுத்ததில்லடி" என்பார் வீட்டுக்காரர்.

"ஒங்கம்மா என் மடியில வந்து படுத்தாங்களா?" என்பேன்.

வேட்டை என்று பார்த்தால் என் பூனை ஒன்றும் செய்யாது. ஜன்னலுக்கு வெளியே கரண்ட் கம்பியில் மைனா உட்கார்ந்தால் மட்டும் எழுந்து நிற்கும். வாயைப் பாதி திறந்து, கீழ்த்தாடையைக் கடகடவென்று ஆட்டி, தொண்டைக்குள் ஒரு சின்னச் சத்தம் போடும். மைனா பறந்துவிட்டால் பழையபடி மெத்தைக்கு வந்துவிடும். ஒரே ஒரு தடவை ஒரு பல்லியைப் பிடித்தது. வாலில்லாத பல்லியைக் கவ்விக்கொண்டு வந்து, நான் அப்போதுதான் வெட்டி விரித்து வைத்திருந்த பட்டுத் துணிமேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்தது. பல்லி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். கையில் இருந்த மரஸ்கேலால் பூனையின் முதுகில் ஒரு போடு போட்டேன். அப்புறம் பிடித்து இழுத்துப்போய் வாயைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். அன்று முழுக்க அது பீரோவுக்கு அடியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் அது எதையும் பிடித்ததில்லை. என் பூனை சுத்தக்காரி என்று வருகிற கஸ்டமரிடமெல்லாம் நான் பெருமை பேசினேன்.

என் தங்கச்சி என்னைவிட ஆறு வயது சின்னவள். அரியலூருக்கு அந்தப் பக்கம், ஏலாக்குறிச்சி போகிற பஸ் நின்று போகும் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்த வருடம் அவர்களுக்கு மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, விலை மட்டும் இறங்கிவிட்டது. விலை ஏறட்டும் என்று மூட்டைகளை வீட்டுக் கூடத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். எலி சும்மா இருக்குமா? மாசி பிறந்ததும் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, ஒன் பூனைய ஒரு மாசத்துக்குக் குடேன். மூட்டையெல்லாம் ஓட்டை போட்டுருச்சு. மருந்து வைக்கலாம்னா கோழி அலையுது."

மக்காச்சோளம் வீட்டுக்கு வந்துவிட்டால் பூனையை இரவல் கேட்பது எங்கள் சொந்தக்காரர்களிடம் சகஜம். அதற்கு ஒரு சாங்கியமும் உண்டு. பூனையைப் பையில் போட்டு, வாசலில் வைத்துப் பையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். திசை தெரியாமல் போனால்தான் போன இடத்தில் தங்குமாம். பூனைக்கு உரியவள் அதனிடம் போ என்று சொல்லக் கூடாது, போயிட்டு வந்துரு என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் திரும்பி வராது என்பார்கள்.

தங்கச்சி வந்தாள். நான் பையைச் சுற்றினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கூடவே அவளிடமும் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போ. அது ஒன் மூட்டை மேல ஏறிப் படுத்துக்கும். எலி வந்தா நகர்ந்து எடம் குடுக்கும், பாரு."

"பூனை வாசம் அடிச்சாலே போதும்க்கா" என்றாள் அவள்.

அஞ்சாம் நாள் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. அவள் வீட்டுச் சிமெண்ட் தரையில் ஒரு எலி மல்லாந்து கிடந்தது, வாலை நேராக நீட்டிக்கொண்டு. பக்கத்தில் என் பூனை முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. கீழே, "மொத வேட்டைக்கா" என்று எழுதியிருந்தாள். அந்தப் போட்டோவை அன்றைக்கு நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கியை வலது பக்கம் வைப்பதற்குப் பதில் இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். சாயந்திரம் அவளுக்குப் பதில் அனுப்பினேன். "செத்துக் கெடந்த எலியா இருக்கும்."

மறுநாள் இரண்டு எலி. அதற்கு அடுத்த நாள் பெருச்சாளிக் குட்டி ஒன்று. அப்புறம் போட்டோ நின்று வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்தது.

"காலைல கதவத் தொறந்தா வாசப்படிக்கிட்ட வச்சுட்டு உக்காந்துருக்குக்கா. எங்க வூட்டுக்காரரு தாண்டிப் போறாரு, அவரத் திரும்பிக்கூடப் பாக்கல. நான் வந்து குனிஞ்சு பாத்தாத்தான் எந்திரிச்சுப் போவுது. என்னா அறிவுங்கற!"

அதைச் சமையல்கட்டில் நின்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. பால் காய்ச்சி ஊற்றப் பூனை இல்லாத வீட்டில் எதற்காக அரை லிட்டர் வாங்கினேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஒன் பூனை அங்க போயி ஒழுங்கா வேலைக்குப் போவுது" என்றார் வீட்டுக்காரர். "இங்க இருந்தவரைக்கும் ரிட்டையர்டு ஆபீசர் மாதிரி இருந்துச்சு."

தட்டில் சோற்றைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

அந்த வாரம் கால்நடை டாக்டரம்மா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தார். என் பூனைக்கு ஆபரேஷன் செய்தவர் அவர்தான். தெரிந்தவர் வீட்டுப் பூனை என்று சொல்லிக் கேட்டேன். வயிறு முட்டச் சாப்பிடுகிற பூனை எதற்கு எலி பிடிக்கிறது, பிடித்ததைத் தின்னாமல் எதற்கு ஒருத்தரிடம் கொண்டுபோய் வைக்கிறது?

"பசி வேற, வேட்டை வேறங்க" என்றார் அவர், கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே. "சாப்ட்ட பூனையும் புடிக்கும். ஓடுறது எதாச்சும் கண்ணுல பட்டா அதால சும்மா இருக்க முடியாது. தாய்ப்பூனை குட்டிக்கு மொதல்ல செத்த எலியக் கொண்டாந்து போடும். அப்பறம் அரை உசுராக் கொண்டாரும். கடைசியா உசுரோட கொண்டாந்து வுட்டு, நீ புடிச்சுப் பாருங்கும். அப்புடித்தான் பழக்கும். குட்டி இல்லாத பூனை வூட்டுல யாரையாச்சும் தன் ஆளுன்னு நெனச்சு அவங்களுக்கு வைக்குதுன்னு சொல்லுவாங்க. நிம்மதியான எடம் பாத்து வைக்குதுன்னும் சொல்லுவாங்க. பூனையக் கேட்டவங்க யாரு?"

"பால் ஊத்தி வளத்தவங்களுக்கு வைக்காதுங்களா?"

"வைக்குமே. ஆனா மொத தடவை கொண்டாரும்போது அடிச்சு வெரட்டிட்டா அந்த ஆளுகிட்ட அப்பறம் கொண்டாராது. டேப்பைக் கொஞ்சம் லூசா புடிங்க, மூச்சு முட்டுது."

அவர் போன பிறகு மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடித்தது நான்தான், சரி. அதற்காக என் தங்கச்சியைப் போய்க் குட்டி என்று நினைக்க வேண்டுமா அந்தப் பூனை? அவள் எல்லோருக்கும் குட்டிதான். அப்பா சந்தையிலிருந்து வந்தால் பக்கோடாப் பொட்டலம் நேராக அவள் கைக்குப் போகும். பெரியவதானே நீ என்று என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். கல்யாணமாகிப் போன இடத்திலும் அவள் மாமியார் காய்ச்சிய பாலின் ஆடையை எடுத்து அவளுக்கு வைப்பார். எனக்கு யாரும் எதையும் கொண்டுவந்து வைத்ததில்லை. நான் கொடுக்கிறவள். மகளுக்குச் சீர் கொடுத்தேன், இவருக்குச் சோறு கொடுத்தேன், தங்கச்சிக்குத் தைத்துக் கொடுத்தேன், பூனைக்கு முட்டை கொடுத்தேன். அவள் ஒருநாளும் எதையும் கேட்டு வாங்கியதில்லை என்பதுதான் இதில் மோசம். கேட்டு வாங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்கு அந்த எலி வேண்டும் என்று தோன்றிவிட்டது. அந்தப் பூனை எனக்கென்று ஒன்றைப் பிடித்து, எனக்கென்று கொண்டுவந்து, என் காலடியில் வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பூனை மூட்டைகளின் உச்சியில் இருந்தது. இளைத்திருந்தது, ஆனால் தோள் பக்கம் உருண்டு திரண்டு வேறு பூனையாகத் தெரிந்தது. கூப்பிட்டேன். இறங்கி வந்து கையை முகர்ந்தது. கருவாட்டைத் தின்றது. வாயை நக்கிக்கொண்டு மறுபடி மூட்டைமேல் ஏறிவிட்டது. மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது.

தங்கச்சி தரையில் அரிவாள்மனையோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். அப்போதுதான் அது வேட்டையாடுவதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். முதலில் காது மட்டும் திரும்பியது. உடம்பு அப்படியே இருந்தது. பிறகு இரண்டு மூட்டைக்கு நடுவில் இருந்த இடுக்கையே பார்த்தபடி வயிறு மூட்டையில் படப் பதுங்கி இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. நாங்கள் அரைக் கிலோ வெங்காயம் உரித்து முடித்தோம், அது கண்கூடச் சிமிட்டவில்லை. கடைசியில் பின்பக்கம் லேசாக இரண்டு தடவை ஆடியது. பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது வாயில் எலி இருந்தது, பிடரியில் சரியாகப் பல் இறங்கியிருந்தது.

கவ்விய வாயோடு அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டே நடந்து வந்தது. அப்படி ஒரு குரலை என் வீட்டில் அது எழுப்பியதே இல்லை. நான் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

"கொண்டா தங்கம். இங்க கொண்டா."

அது என் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தது.

அவள் செய்ததை நான் மறக்கவே முடியாது. அரிவாள்மனையை மடக்கினாள். கையை முந்தானையில் துடைத்தாள். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, தலையைத் தாழ்த்தி, விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"எனக்கா சாமி கொண்டாந்த? நீ சாப்ட்டியா?"

பூனை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. எழுந்து மூட்டைப் பக்கம் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் எலியை ஒரு சோளத் தட்டையால் தள்ளி எடுத்துக் குப்பைக்குழியில் போட்டாள்.

"அது கண்ணு முன்னாடி தூக்கிப் போட்டா மனசு வுட்டுரும்லக்கா" என்றாள்.

எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. மரஸ்கேலும் சோப்புத் தண்ணீரும் அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"பூனைய எடுத்துட்டுப் போறேன். எங்க வூட்டுலயும் எலி வந்துருச்சு."

"இன்னும் பாதி மூட்டை கெடக்கே அக்கா."

"என் பூனைதானே?"

பூனை என் கைக்கு வரவில்லை, மணிக்கட்டில் கீறிவிட்டது. அவளே தூக்கிக் கட்டைப்பையில் விட்டாள். வாசலில் வைத்துப் பையை மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு குனிந்து பைக்குள் பார்த்து, "போயிட்டு வந்துரு" என்றாள். அது பூனைக்கு உரியவள் சொல்ல வேண்டியது. பழக்கதோஷத்தில் வாயில் வந்ததோ, வேண்டுமென்றே சொன்னாளோ, இன்றுவரை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் பை முழு வழியும் கத்திக்கொண்டு வந்தது. பையில என்னக்கா, கொழந்தையா என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பெரம்பலூர் வரும்வரை நான் அந்தப் பைக்குள் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டில் அது மாடிக் கதவடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மெத்தைப் பக்கமே போகவில்லை. தங்கச்சியிடமிருந்து, "பூனை சாப்புடுதாக்கா?" என்று வந்தது. பதில் போடவில்லை. எலி கடித்து ஓட்டையான மூட்டையின் போட்டோ ஒன்று வந்தது, அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அதற்கும் பதில் போடவில்லை. அவள் போன் செய்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போயிற்று. எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வீட்டில் எலியே இல்லை. மாடி வீடு, டைல்ஸ் தரை, ஓட்டை கிடையாது. எலி இல்லாத வீட்டில் பூனை எதைப் பிடித்து எனக்குக் கொடுக்கும்? அப்படியானால் எலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதானே?

எங்கள் தெருக்கோடியில் ஒரு மக்காச்சோள மண்டி இருக்கிறது. அங்கே மூட்டை தூக்குகிறவர் தினமும் கூண்டு வைத்து எலி பிடிப்பார். போய்க் கேட்டேன்.

"தம்பி, எனக்கு ஒரு எலி வேணும். உசுரோட."

"இளைப்புக்குச் சமைச்சுக் குடுக்கவாக்கா? அதுக்கு வயல் எலிதான் நல்லது. இது மூட்டை எலி."

"பூனைக்கு."

"பூனைய இங்க அனுப்புங்கக்கா. எலிய எதுக்கு அங்க கொண்டு போறீங்க?"

நியாயமான கேள்விதான். கூண்டை வாங்கி, ஒரு துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்தேன். பூனையைத் தூக்கிவந்து முன் அறையில் விட்டேன். ஸ்டூல்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு, ஸ்கேலால் கூண்டின் கதவைத் தூக்கினேன். எலி ஓரமாக ஓடியது. பூனையின் காது நிமிர்ந்தது. உடம்பு தாழ்ந்தது. பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"புடி, அந்தா போவுது பாரு, புடி" என்று கையைத் தட்டிக்கொண்டு கத்தினேன்.

பூனை பதுங்கலை விட்டு நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது, என் கையில் இருந்த ஸ்கேலைப் பார்த்தது. பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. எலி பீரோவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது அங்கேயே குடியேறிவிட்டது. நூல்கண்டைக் கடித்தது, சோப்பைக் கடித்தது, வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டைக் கடித்தது. கைப் பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. திங்கட்கிழமை முகூர்த்தம். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஓட்டையை மறைத்து ஜரிகை நூலில் ஒரு மாங்காய் போட்டேன். ஒரு கையில் போட்டதால் மறு கையிலும் போட வேண்டியதாயிற்று. பெண் வந்து பார்த்துவிட்டு, கேக்காமயே அழகாப் போட்டுத் தந்திருக்கீங்களே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்காரரிடம் மறைக்க முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எல்லாரும் எலிய வெளிய துரத்துவாங்க. நீ தேடிப் போயி அழைச்சுட்டு வந்து குடி வச்சிருக்க" என்றார். அப்புறம் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு.

லாரியில் போகும்போது என் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஆம்பிளைகளுக்கு வாய் நிற்காது. வியாழக்கிழமை மத்தியானம் தங்கச்சி வந்து நின்றாள். கையில் ஒரு ஜாக்கெட் துணி.

அவள் படியேறுவதற்கு முன்பே பூனை எழுந்துவிட்டது. கதவைப் பிறாண்டியது. திறந்தேன். அது வாலை நிமிர்த்திக்கொண்டு மூன்று படி இறங்கிப்போய் அவள் காலில் தலையைத் தேய்த்தது. வா என்று மட்டும் சொன்னேன்.

"ஒரு ஜாக்கெட் தைக்கணும்க்கா" என்றாள்.

"அரியலூர்ல டைலரே இல்லையா?"

"ஒன்ன மாதிரி யாரு தைக்கிறா?"

எலியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கரண்ட் கட். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயந்திரம்தான் விடுவார்கள். மிஷின் இல்லை, ஃபேன் இல்லை. இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தோம். மிச்ச மூட்டையை விற்றுவிட்டதாகச் சொன்னாள். எலி தின்றதுபோக மிஞ்சியதுதான் என்று சொல்லவில்லை. மெதுவாகத்தான் பேசுவாள் அவள் எப்போதும். அவளோடு பேசினால் என் குரலும் இறங்கிவிடும்.

பேச்சுக்கு நடுவில் அவள் விரல் என் கையைத் தொட்டது. பீரோ பக்கம் கண்ணைக் காட்டினாள். பூனை பதுங்கியிருந்தது. முகம் பீரோவின் அடிக்கு நேராக. நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. நானும் அசையாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துப்போயிற்று. தெருவில் பூண்டு விற்கிறவன் வந்து கத்திவிட்டுப் போனான். பூனை அப்படியே இருந்தது. பிறகு பின்பக்கம் இரண்டு தடவை ஆடியது. பீரோவில் ஒரு மோதல் சத்தம். வெளியே வரும்போது வாயில் எலி தொங்கியது.

அடித்தொண்டையில் அந்தக் குரல். என் வீட்டில், என் டைல்ஸ் தரையில், முதல் தடவையாக அந்தக் குரலை எழுப்பிக்கொண்டு நடந்து வந்தது. நான் கையை நீட்டவில்லை. கூப்பிடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். அது நேராக அவள் காலை நோக்கிப் போனது.

தங்கச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். ஒரே தடவைதான். நீட்டிய காலை மடக்கிக்கொண்டு எழுந்தாள்.

"தாகமா இருக்குக்கா. தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூனை கதவு வரைக்கும் போனது. வாயில் எலியோடு நின்று இரண்டு தடவை கூப்பிட்டது. உள்ளே பதில் இல்லை. சொம்பு எடுக்கிற சத்தமும் இல்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சும்மா நின்றுகொண்டிருந்தாள். பூனை கொஞ்ச நேரம் கதவையே பார்த்தது. பிறகு திரும்பியது. அறையில் வேறு யாரும் இல்லை. மெதுவாக நடந்து வந்து என் காலடியில் எலியை வைத்துவிட்டு உட்கார்ந்தது.

நான் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தேன். தலையைத் தாழ்த்தினேன். எனக்கா கொண்டாந்த என்று கேட்க வாய் வரவில்லை, எனக்கில்லை என்று தெரியுமே. சாப்ட்டியா என்று மட்டும் கேட்டேன். பூனை என் முகத்தைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

"அக்கா, வச்சிருச்சா?" என்றாள் உள்ளேயிருந்து.

"வச்சிருச்சு."

"ஒனக்குத்தானே?"

"எனக்குத்தான்டி."

"சரி. நான் வரட்டுமா?"

எலி இன்னும் சூடாக இருந்திருக்கும். நான் தொட்டுப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் காலை மடக்கியிருக்க மாட்டேன். நிச்சயமாக மடக்கியிருக்க மாட்டேன். அதை நினைத்ததும் இத்தனை நாள் எலிக்காகப் பட்ட பொறாமை ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு அவள்மேல் எனக்குப் பொறாமையாக வந்தது. பூனை இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னுங் கொஞ்ச நேரம் உள்ளயே இருடி" என்றேன்.